ஒத்தசொல் மாற்றும் நிரல்: ‘நாமக்பாறை’ முதல் ‘வீட்டைக் எழுப்பினான்’ வரை

என் அக்கா நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள் தயாரிக்க அவருக்கு ஒரு சின்ன நிரல் வேண்டியிருந்தது. ஒரு பத்தியைக் கொடுத்தால் அதிலுள்ள சில சொற்களுக்குப் பதிலாக அதே பொருள் தரும் வேறு சொல்லை அது போட்டுத் தர வேண்டும். மூலச் சொல் எது என்று பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். சொற்பட்டியலை அரைக் குயர் நோட்டில் அவரே எழுதிக் கொடுத்தார். ஒரு சாயங்காலத்து வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். பைத்தான் நிரல்மொழியில் பதினைந்து வரி. முதல் ஓட்டத்தின் விடையைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்: “எங்கள் ஊர்ப் பெயரை என்னடா செய்து வைத்திருக்கிறாய்?” நாமக்கல், ‘நாமக்பாறை’ ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த சனி, ஞாயிறுகளில் நான் சந்தித்த கோளாறுகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் நிரலில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விடை தவறாக வந்தால் எல்லோரும் முதலில் சொற்பட்டியலைத்தான் சந்தேகிக்கிறார்கள். தவறு பெரும்பாலும் அங்கே இருக்காது. சொல்லைக் கண்டுபிடிக்கும் இடத்திலும், மாற்றிய சொல்லைத் திரும்பப் பொருத்தும் இடத்திலும்தான் இருக்கும். அதனால் முதல் வேலையாக, எந்தச் சொல்லை எதுவாக மாற்றினோம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு தனிக் கோப்பில் எழுதச் செய்யுங்கள். இது இல்லாமல் தேடுவது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

அறிகுறி: சொல்லுக்கு உள்ளே இருக்கும் சொல்லும் மாறிவிடுகிறது

நாமக்கல்லோடு நிற்காது. திண்டுக்கல் ‘திண்டுக்பாறை’ ஆகும். ‘கல்வி’ ‘பாறைவி’ ஆகும். ‘பகல்’ ‘பபாறை’ ஆகும். ‘தலை’க்குச் ‘சிரம்’ என்று வைத்திருந்தால் தலைவர் ‘சிரம்வர்’ ஆவார். விடுதலை ‘விடுசிரம்’ ஆகிவிடும். ‘கண்’ணுக்கு ‘விழி’ என்றால் கண்ணாடி ‘விழிணாடி’.

காரணம் எளிது. ரீப்ளேஸ் என்ற கட்டளைக்குச் சொல் என்றால் என்னவென்று தெரியாது. நீங்கள் கொடுத்த குறிகள் அதே வரிசையில் எங்கே வந்தாலும் அது மாற்றிவிடும்.

பலரும் உடனே செய்வது, தேடும் சொல்லின் இரு பக்கமும் ஓர் இடைவெளி சேர்ப்பது. செய்யாதீர்கள். வரியின் முதல் சொல்லுக்கு முன்னால் இடைவெளி இருக்காது. கடைசிச் சொல்லுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருக்கும். நடுவில் காற்புள்ளியும் மேற்கோள் குறியும் வரும். இவற்றில் எல்லாம் சொல் மாறாமல் நின்றுவிடும். பத்தியை முதலில் சொற்களாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லையும் முழுதாகப் பட்டியலில் தேடுவதுதான் சரி. ஆனால் பிரிப்பதில்தான் அடுத்த பள்ளம்.

அறிகுறி: சொல் எல்லையைக் குறித்த பிறகு நிலைமை தலைகீழாகிறது

எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்ற பிழை இது. ரெஜெக்ஸ் என்பது உரையில் தேட வேண்டியதைக் குறிகளால் எழுதும் முறை. சொல்லின் எல்லையைக் குறிக்க அதில் பின்சாய்கோட்டோடு வரும் ‘பி’ என்ற குறி இருக்கிறது. ஆங்கிலப் பாடங்கள் எல்லாம் அதைத்தான் சொல்கின்றன. ‘கல்’லுக்கு இரு பக்கமும் அதைப் போட்டேன். விடை இப்படி வந்தது: ‘கல்’ மாறவில்லை, ‘கல்வி’ மாத்திரம் ‘பாறைவி’ ஆகியிருந்தது. ‘தலை’ தப்பித்துக்கொண்டது; ‘தலைவர்’ மாட்டிக்கொண்டார். வேண்டாததை மட்டும் தேடிப் பிடித்து மாற்றியதுபோல இருந்தது.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ‘கல்’ நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு மூன்று குறி: க, ல, பிறகு புள்ளி. பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் நூலகம் க, ல இரண்டையும் சொல்லின் உறுப்பாக ஏற்கிறது. புள்ளியை ஏற்பதில்லை. கால், கொக்கி, கொம்பு முதலிய உயிர்க்குறிகளையும் ஏற்பதில்லை. அதன் கணக்கில், உறுப்பான குறியும் உறுப்பல்லாத குறியும் சந்திக்கும் இடமே எல்லை. தனியாக நிற்கும் ‘கல்’லின் முடிவில் புள்ளி, அடுத்து இடைவெளி. இரண்டும் உறுப்பல்லாதவை. எனவே அங்கே எல்லை இல்லை. ‘கல்வி’யில் புள்ளியை அடுத்து வ வருகிறது. அங்கே எல்லை உண்டு! புள்ளியிலோ உயிர்க்குறியிலோ முடியும் எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் இதே கதிதான். தமிழில் எத்தனை சொல் அப்படி முடியாமல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதன் உடன்பிறப்பு, சொல்லைப் பிரிக்கப் பயன்படும் ‘டபிள்யூ’ குறி. அதைக்கொண்டு ‘வீடு’ என்பதைப் பிரித்தால் வ, ட என்று இரண்டு துண்டு கிடைக்கும். ‘மரம்’ புள்ளியை இழந்து ‘மரம’ ஆகும். ஜாவாஸ்கிரிப்டில் கதை வேறு. அங்கே இந்த இரண்டு குறிகளுக்கும் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆகவே தமிழ்ச் சொல் எதுவுமே அகப்படாது.

‘அ’ முதல் ‘ஹ’ வரை என்ற பொருளில் ‘[அ-ஹ]+’ என்று எழுதிப் பார்ப்பவர்களும் உண்டு. நானும் எழுதினேன். ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோட் வரிசையில் உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘ஹ’வுக்குப் பிறகே வருகின்றன, ஆய்த எழுத்து ‘அ’வுக்கு முன்பே வந்துவிடுகிறது. எனவே அதுவும் சொல்லை நறுக்கும்.

மருந்து: தமிழுக்கு யூனிகோடில் ஒதுக்கிய 128 இடங்களையும் முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடிமான எண்ணில் அவை 2944 முதல் 3071 வரை. இந்த வரம்புக்குள் அடுத்தடுத்து வரும் குறிகளெல்லாம் சேர்ந்து ஒரு சொல் என்று வையுங்கள். காற்புள்ளி, மேற்கோள், இடைவெளி எல்லாம் தாமாகவே வெளியே நின்றுவிடும். பைத்தானுக்குத் தனியாக நிறுவிக்கொள்ளும் ‘ரெஜெக்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு நூலகம் இருக்கிறது. அது உயிர்க்குறிகளையும் சொல்லின் உறுப்பாக ஏற்பதால் அதைக்கொண்டும் வேலையை முடிக்கலாம். எனக்கு வரம்புக் கணக்கே போதுமாக இருந்தது.

அறிகுறி: கண்ணுக்கு ஒரே சொல், நிரலுக்கு இரண்டு சொல்

பட்டியலில் ‘கோயில்’ இருக்கிறது. பத்தியிலும் ‘கோயில்’ இருக்கிறது. ஆனால் மாற மறுக்கிறது. இரண்டின் நீளத்தையும் அச்சிட்டுப் பாருங்கள். ஒன்று 6 என்றும் மற்றொன்று 7 என்றும் வந்தால் குற்றவாளி ‘கோ’. அதை க, பிறகு ‘ோ’ என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். க, ஒரு இரட்டைக்கொம்பு, ஒரு கால் என்று மூன்று குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒகர, ஓகார, ஔகார வரிசை முழுவதிலும் இந்தச் சிக்கல் உண்டு. யூனிகோட்டேட்டா நூலகத்தின் நார்மலைஸ் கட்டளையை என்எஃப்சி வகையில் (பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒன்றாக்கும் வகை) பட்டியலுக்கும் பத்திக்கும் ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது. இரண்டுக்கும் ஓட்ட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் ஓட்டினால் நோய் பக்கம் மாறும், போகாது.

அதற்கும் அடங்காதவை சில இருக்கின்றன. ‘ஔவை’ என்பதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளவை’ என்று தட்டச்சு செய்தவர்கள் ஏராளம். ‘ஸ்ரீ’யை இரண்டு வேறு ஸகரங்களில் தொடங்கலாம், பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. தமிழ் எண் ஒன்று அசல் ‘க’ மாதிரியே இருக்கும். இவற்றை நார்மலைஸ் தொடாது. ஒரு சின்னத் திருத்தப் பட்டியலை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டியலின் முதல் சொல் மட்டும் எப்போதும் மாறவில்லையா? எக்செலில் யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்திருப்பீர்கள். கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை (எண் 65279) அது வைத்துவிடுகிறது. முதல் சொல்லோடு அது ஒட்டிக்கொண்டு நிற்கும். கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8-சிக் என்ற வகையைக் கொடுங்கள். பட்டியலில் சொல்லுக்குப் பின்னால் தட்டிய வெற்றிடம், இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த உரைக்குள் ஒளிந்திருக்கும் 8203, 8204, 8205 எண்ணுள்ள அகலமில்லாக் குறிகள் இவற்றையும் அப்போதே துடைத்துவிடுங்கள்.

எந்தச் சொல்லுமே மாறவில்லை, ஆனால் வேர்டில் தமிழாகத் தெரிகிறது என்றால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த உரையாக இருக்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு தமிழ் வேடம் போடுகிறது. யூனிகோடுக்கு மாற்றாமல் வேறு வழியில்லை. பிடிஎஃபிலிருந்து நகலெடுத்த உரை இதைவிட மோசம்: கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நிற்கும், சில புள்ளிகள் காணாமலே போகும். அக்காவிடம் சொல்லிவிட்டேன், அப்படிப்பட்ட பத்தியைத் திரும்பத் தட்டச்சு செய்வதே குறைந்த வேலை என்று.

விண்டோஸ் கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அது திரையின் எழுத்துருக் கோளாறு. விடையைக் கோப்பில் எழுதித் திறந்து பாருங்கள்.

அறிகுறி: மாறிய சொல் மறுபடியும் மாறுகிறது

பட்டியலில் ‘மகிழ்ச்சி’க்கு ‘இன்பம்’ என்றும், சில வரி தள்ளி ‘இன்பம்’ என்பதற்கு ‘மகிழ்ச்சி’ என்றும் இருக்கும். ஒவ்வொரு வரியாக எடுத்து முழுப் பத்தியிலும் மாற்றிக்கொண்டே போனால், போன சொல் திரும்பி வந்துவிடும். பத்தியில் முன்பு இருந்த ‘இன்பம்’, ‘மகிழ்ச்சி’ இரண்டும் ஒன்றாகவே ஆகியிருக்கும். பட்டியலைச் சுற்றிச் சுற்றி வராதீர்கள். பத்தியை ஒரே முறை சுற்றுங்கள். ஒவ்வொரு சொல்லும் வரும்போது பட்டியலைப் பார்த்து, மாற்றி, நகர்ந்துவிட வேண்டும். மாற்றிய சொல்லை நிரல் இரண்டாம் தடவை பார்க்கவே கூடாது. வேகமும் இதில்தான்: ஆயிரம் சொல் பட்டியலுக்கு ஆயிரம் முறை பத்தியைப் படிக்க வேண்டியதில்லை.

தொடர்கள் இருந்தால் அவற்றை முதலில் பிடியுங்கள். ‘கண் மூடினார்’ என்பதை ‘விழி மூடினார்’ என்று மாற்றினால் இரங்கல் செய்தி தாலாட்டாகிவிடும். ரெஜெக்ஸில் பல மாற்றுகளை வரிசையாகக் கொடுத்தால் பைத்தான் முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும், நீளமானதைத் தேடாது. நீளமான தொடர்கள் மேலே வருமாறு நீங்கள்தான் அடுக்க வேண்டும்.

அறிகுறி: ‘காடு’ மாறுகிறது, ‘காட்டில்’ மாறவில்லை

இதுதான் முக்கியமான இடம். ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் விழுவதும் இங்கேதான். அகராதியில் இருப்பது காடு. பத்தியில் வருவதோ காட்டை, காட்டில், காட்டுக்கு, காட்டிலிருந்து, காடுகளில். முழுச் சொல்லாகத் தேடினால் இவற்றில் ஒன்றும் கிடைக்காது.

முதலில் தோன்றுவது, சொல்லின் வாலை வெட்டுவது. ‘இல்’, ‘ஐ’, ‘கு’ என்று முடிந்தால் நறுக்கிவிட்டு மீதியைத் தேடலாம் என்று நினைத்தேன். ரயிலில் ‘இல்’ போய் ‘ரய்’ மிஞ்சியது. மயிலும் வெயிலும் கோயிலும் அப்படியே. உச்சகட்டம் யானை. ‘ஐ’ போனால் ‘யான்’. அக்காவின் பட்டியலில் யான் என்பதற்கு நான் என்று இருந்தது. ‘காட்டிலிருந்து யானை வந்தது’ என்ற வரி ‘காட்டிலிருந்து நான் வந்தது’ என்று வந்து நின்றது. வெட்டியே ஆக வேண்டுமென்றால், முழுச் சொல் பட்டியலிலோ ஒரு பொது அகராதியிலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் மட்டும் வெட்டுங்கள். சொல்லின் வாலை வெட்டி வேரை மட்டும் தரும் நிரல்களின் தொகுப்பான ஸ்னோபாலில் தமிழுக்கும் ஒரு வேர்வெட்டி இருக்கிறது. தேடுபொறிக்கு அது உதவும். நமக்கு உதவாது, ஏனென்றால் வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் வேண்டுமே. ‘காட்டில்’ என்பதை வெட்டி, ‘வனம்’ என்று மாற்றி, ‘இல்’லை அப்படியே ஒட்டினால் ‘வனமில்’ வரும். வர வேண்டியது ‘வனத்தில்’.

நான் கடைசியில் வெட்டுவதை விட்டுவிட்டு, எல்லா வடிவங்களையும் முன்கூட்டியே விரித்து வைத்துக்கொண்டேன். காட்டின் வடிவங்கள் ஒரு பக்கம், வனத்தின் வடிவங்கள் மறுபக்கம். வேற்றுமைக்கு வேற்றுமை, பன்மைக்குப் பன்மை ஜோடி. காட்டை – வனத்தை, காட்டுக்கு – வனத்துக்கு, காடுகளில் – வனங்களில். நானூறு பெயர்ச்சொல், ஒவ்வொன்றுக்கும் பதினாறு வடிவம் என்றால் 6,400 வரி. ‘உம்’, ‘தான்’ ஒட்டிய வடிவங்களையும் சேர்த்தால் 19,200. இன்றைய கணினிக்கு இது கொசுறு.

விரிப்பதற்கு ஒவ்வொரு சொல்லும் எந்த வகை என்று தெரிய வேண்டும். ‘ம்’ முடிவு என்றால் ‘த்து’ வரும், பன்மையில் ‘ங்கள்’. வீடு, ஆறு, கிணறு, வயிறு போன்றவை இரட்டிக்கும்: வீட்டை, ஆற்றை, கிணற்றை. ஆனால் ‘டு’வைப் பார்த்ததும் இரட்டித்துவிடாதீர்கள். வண்டு ‘வண்டை’தான்; முன்னால் மெல்லின மெய் நிற்கிறது. தனிக் குறிலை அடுத்த மெய் இரட்டும்: கண்ணை, கல்லை, பொன்னை. மலர் இரட்டாது: மலரை. இ, ஈ, ஐ முடிவுகளுக்கு ‘ய்’: விழியை, மலையை. பூ, நிலா, பசு முதலியவற்றுக்கு ‘வ்’: பூவை, நிலாவை, பசுவை. பன்மையில் பூ ‘பூக்கள்’, கல் ‘கற்கள்’, கண் ‘கண்கள்’.

பள்ளியில் புணர்ச்சி விதியைத் தூங்கி வழிந்தபடி கேட்ட பாவத்துக்கு இங்கே தண்டனை கிடைத்தது. என் நிரல் ‘நிலவுவை’ என்று ஒரு சொல்லை உருவாக்கி எனக்குக் காட்டியது. உகரத்தில் முடிகிறதே, ‘வ்’ போடலாம் என்று முடிவுசெய்திருக்கிறது. நிலவு, உணவு, கதவு போன்ற ‘வு’ முடிவுகள் நிலவை, உணவை, கதவை என்றே வரும். அவற்றுக்குத் தனி வகை வைத்தேன். விரித்த பட்டியலை அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அவர் சிவப்பு மையில் சுழித்ததெல்லாம் இப்படிப்பட்ட விதிவிலக்குகளே. தமிழ் தெரிந்த ஒருவரின் கண் இந்தப் பட்டியலில் ஒருமுறை படுவதற்கு ஈடாக வேறு சோதனை இல்லை.

பெரிய அளவில் செய்யப்போகிறீர்கள் என்றால் கையால் விரிக்க வேண்டாம். தமிழிமார்ஃப் போன்ற உருபனியல் கருவிகள் ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டுவதோடு, வேரையும் இலக்கணக் குறிப்பையும் கொடுத்தால் வடிவத்தை உருவாக்கியும் தருகின்றன. வினைச்சொற்களுக்குக் கட்டாயம் அந்தப் பக்கம் போக வேண்டும். காலம், திணை, பால், எண், இடம் எல்லாம் ஒரே சொல்லில் ஏறி உட்கார்ந்திருக்கும். நான் அந்த வம்புக்கே போகாமல், அக்கா முழு வடிவமாக எழுதிக் கொடுத்த ‘போனான் – சென்றான்’ போன்ற சில ஜோடிகளோடு நின்றுகொண்டேன்.

அறிகுறி: மாற்றிய சொல் சரி, பக்கத்துச் சொல் தவறாகிவிட்டது

‘வீட்டைக் கட்டினான்.’ இதில் ‘கட்டினான்’ என்பதை ‘எழுப்பினான்’ என்று மாற்றினேன். ‘வீட்டைக் எழுப்பினான்’ என்று வந்தது. நான் தொட்டது இரண்டாம் சொல்லை; கெட்டது முதல் சொல். ‘காட்டுக்குப் போனான்’ என்பதில் இரண்டையும் மாற்றினால் ‘வனத்துக்குச் சென்றான்’ என்று வர வேண்டும். ‘ப்’ போய் ‘ச்’ வர வேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு தடையும் உண்டு. ‘காட்டுக்குப்’ என்று ஒற்றோடு இருக்கும் சொல், நான் விரித்து வைத்த பட்டியலில் எங்கே இருக்கும்?

வேலையை மூன்று நடையாகப் பிரித்தேன். முதல் நடையில் ஒற்றைக் கழற்றுவது. ஒரு சொல் க், ச், த், ப் இவற்றில் ஒன்றில் முடிந்து, அடுத்த சொல் அதே வல்லின வரிசையில் தொடங்கினால், ஒற்றை எடுத்துவிட்டு ‘இங்கே ஒற்று இருந்தது’ என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் நடையில் சொற்களை மாற்றுவது. மூன்றாம் நடையில் ஒற்றைத் திரும்ப மாட்டுவது. குறித்த இடங்களில், அடுத்த சொல் இப்போது க, ச, த, ப வரிசையில் தொடங்குகிறதா என்று பார்த்து, தொடங்கினால் அதற்குரிய ஒற்று. இல்லையென்றால் ஒன்றும் இல்லை. ‘வீட்டை எழுப்பினான்’ இப்படித்தான் சரியானது. முன்பு ஒற்றே இல்லாத இடத்தில் புதிதாக வல்லினம் வந்தால்? ‘ஐ’, ‘கு’ உருபுகளுக்குப் பின்னால் மட்டும் சேர்க்கிறேன். அங்கே மிகும் என்பதில் சந்தேகமில்லை. மற்ற இடங்களில் கைவைப்பதில்லை. மிகாத இடத்தில் மிகவைப்பது, மிக வேண்டிய இடத்தில் விட்டுவிடுவதைவிடக் கண்ணை உறுத்தும்.

கழற்றும் நடையில் ஒரு கண்ணி உண்டு. தமிழ்ச் சொல் எதுவும் இயல்பாக வல்லின மெய்யில் முடியாது. ஆனால் நாம் ஜீப், கிளப், பேங்க் எல்லாம் எழுதுகிறோமே. ‘ஜீப் பழுதானது’ என்ற வரியில் என் நிரல் ‘ப்’பைக் கழற்றி ‘ஜீ’ என்று தேடியது. அது பட்டியலில் இல்லாததால் தப்பித்தேன். கடன்சொற்களுக்கு ஒரு விலக்குப் பட்டியல் வையுங்கள்; சொல் மாறாவிட்டால், அடுத்த சொல்லும் மாறாவிட்டால், மூல வடிவத்தையே திரும்ப வைத்துவிடுங்கள்.

அறிகுறி: இலக்கணம் சரி, பொருள் விபரீதம்

‘காலை ஆறு மணிக்கு’ என்பது ‘காலை நதி மணிக்கு’ ஆனது. ‘ஞாயிறு விடுமுறை’ ‘சூரியன் விடுமுறை’ ஆனது. திருப்பூரைப் பற்றிய ஒரு செய்தியைச் சோதனைக்குக் கொடுத்தேன். பின்னலாடைக்காரர்கள் நூல் விலை உயர்வால் தவிக்கிறார்கள் என்ற செய்தி, புத்தக விலை உயர்வால் தவிக்கிறார்கள் என்று திரும்பி வந்தது. ஒரு கணம் நல்ல ஊர் என்று தோன்றியது.

நிகண்டு செய்தவர்கள் இதை என்றோ உணர்ந்திருக்கிறார்கள். சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளில் முதல் பத்தும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தருகின்றன. பதினோராவது மட்டும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்கிறது. நம் நிரலுக்கும் அந்தப் பதினோராம் தொகுதி தேவை. ஆறு, நூல், மாலை, திங்கள், ஞாயிறு, படி, அடி முதலியவற்றைத் தனியே எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வரக்கூடிய சொற்களை எழுதினேன். நூலுக்கு அருகே ஆசிரியர், பதிப்பு, படித்தேன் வந்தால் புத்தகம். மில், நெசவு, ஊசி வந்தால் இழை. முன்னும் பின்னும் ஐந்து சொல் பார்த்து, எந்தப் பக்கம் அதிகம் என்று எண்ணுவது. 1986இல் மைக்கேல் லெஸ்க் முன்வைத்த முறையின் ஏழைத் தம்பி இது. அவர் அகராதி விளக்கங்களிலுள்ள சொற்களை ஒப்பிட்டார். நான் கையால் எழுதிய சொற்களை ஒப்பிடுகிறேன். இரு பக்கமும் சமமானாலும், ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அந்தச் சொல்லை மாற்றாமல் விட்டுவிடுகிறேன். பத்தியில் ஒரு சொல் மாறாமல் போனதாக எந்த வாசகரும் புகார் சொல்லப்போவதில்லை.

தொகுத்த பட்டியல் வேண்டுமென்றால் ஐஐடி பம்பாயின் இண்டோவேர்ட்நெட்டில் தமிழும் இருக்கிறது. அங்கே சொற்கள் பொருள் வாரியாகக் கூட்டம் கூட்டமாக இருக்கும். ஒரு சொல் பல கூட்டங்களில் வரும். முதல் கூட்டத்தை எடுத்துக்கொண்டு ஓடினால் ‘நதி மணி’தான்.

அறிகுறி: ஆட்கள் பொருளாகிவிடுகிறார்கள்

‘செல்வம் வந்தார்’, ‘பணம் வந்தார்’ ஆகும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. அன்பு, மலர், மதி, வெற்றி, தாமரை என்று நம் வீட்டுப் பெயர்களெல்லாம் அகராதிச் சொற்கள். பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்து, அப்பெயர் வரும் வாக்கியத்தின் வினை ‘ஆர்’, ‘ஆன்’, ‘ஆள்’ என்று முடிந்தால் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். முழு மருந்து அல்ல. வகுப்பு வருகைப் பதிவேட்டிலுள்ள பெயர்களையும் அக்கா சேர்த்துக் கொடுத்ததால், அவருடைய தேவைக்குப் போதுமானதாகிவிட்டது.

இதே குடும்பத்தில் இன்னொன்று: ‘அரசர் வந்தார்’ என்பது ‘மன்னன் வந்தார்’ ஆகிவிடும். பட்டியலில் ‘ர்’ முடிவுக்கு ‘ர்’ முடிவையே ஜோடி சேருங்கள். அரசர் – மன்னர், அரசன் – மன்னன்.

அறிகுறி: ஓடும் ஒவ்வொரு முறையும் வேறு விடை

ஒரு சொல்லுக்கு மூன்று நான்கு மாற்று வைத்து, குலுக்கி ஒன்றை எடுத்தால் இப்படி ஆகும். பிழையைத் தேடும் நாட்களில் ரேண்டம் நூலகத்தின் சீட் எண்ணை (குலுக்கலைத் தொடங்கும் எண்) நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பத்தியில் ஒரே சொல் மூன்று விதமாக மாறுவது பிடிக்கவில்லையென்றால், முதலில் எடுத்ததையே பத்தி முடியும்வரை நினைவில் வைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: எந்தப் பிழையும் இல்லை, ஆனால் சிரிப்பு வருகிறது

எல்லாம் சரியாகி, புதிய பத்தி ஒன்றைக் கொடுத்தேன். சொல் எல்லை சரி, வேற்றுமை சரி, ஒற்று சரி. நாமக்கல் நாமக்கல்லாகவே இருந்தது. பெருமையோடு அக்காவிடம் கொடுத்தேன். அவர் இரண்டாம் வரியில் நின்றுவிட்டார். ‘அரிசியில் கல் கிடந்தது’ என்று பாட்டி சொல்லும் இடம், ‘அரிசியில் பாறை கிடந்தது’ என்று இருந்தது.

மாற்றப் பதிவைத் திறந்து பார்த்தேன். நிரல் செய்தது அத்தனையும் ஒழுங்கு. ‘கல் – பாறை’ என்று நோட்டில் அவர் கையெழுத்தில் இருந்த வரியைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த வரியை அடித்துவிட்டு, கீழே இருந்த ‘தலை – சிரம்’ வரியையும் சேர்த்து அடித்தார். “தலை வலிக்கிறது என்று சொல்லாமல் சிரம் வலிக்கிறது என்று எந்தப் பிள்ளையடா சொல்லும்?” என்றார். நோட்டை அங்கிருந்து முதல் பக்கத்துக்குத் திருப்பி, மறுபடியும் படிக்க ஆரம்பித்தார்.